என் மாடியில் எல்லோருக்கும் இடமுண்டு

பார்த்து ஏறுங்க டீச்சர். நடுவுல ஒரு படி கொஞ்சம் ஒசரம், புதுசா வாரவங்களுக்குத் தட்டும். நீங்க முன்னால போங்க, நான் மெதுவாத்தான் வருவேன். முட்டு ஆபரேஷன் பண்ணியிருக்குல்லா.

ம். இதுதான் ஹால். அந்த மேற்கு ஜன்னலைத் தள்ளுங்க. பாத்தீங்களா காத்த? குத்தாலத்துக் காத்து நேரா இங்கன வந்துதான் நிக்கும். ட்யூஷனுக்கு இதைவிடத் தோதான இடம் இந்தத் தெருவுல கிடையாது. பாய் எல்லாம் ஓரமாச் சுருட்டி வச்சிருக்கேன், வேணும்னா பிள்ளைங்களுக்கு விரிச்சுக்கிடுங்க. உட்காருங்க, அந்தச் சேர்ல. வாடகையெல்லாம் அப்புறம் பேசிக்கிடலாம். இவ்வளவு நல்ல ஹால் எதுக்குப் பூட்டிக் கிடக்குன்னு நீங்க கேக்கல. மரியாதை தெரிஞ்சவங்க, கேக்க மாட்டீங்க. ஆனா கீழ தெருவுல நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவாங்க. அதுக்கு முன்னால நானே சொல்லிடுதேன்.

பாத்திரக்கடை வதூத்னா பஜார்ல எல்லாருக்கும் தெரியும். இந்த ஊர்ல பாதிக் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் நம்ம கடையில எடுத்ததுதான். இந்த மாடி அப்போ குடோன். அண்டாவும் குண்டாவுமாக் கிடந்த இடம். அதைக் காலி பண்ணி, தரை போட்டு, வெள்ளையடிச்சு, ஒரு வெள்ளிக்கிழமை இந்த வாசல்ல நின்னு சொன்னேன்: "இங்க யாரும் வெளிய நிக்க வேண்டியதில்ல. எல்லாருக்கும் உள்ள இடம் உண்டு." எங்கயும் படிச்சுச் சொன்ன வார்த்தை இல்ல டீச்சர் அது. வயித்தெரிச்சல்ல வந்த வார்த்தை.

எல்லாம் என் மக ஜெசிமாவாலதான். நல்ல இடம்னு பாத்துக் கட்டிக் குடுத்தேன். ஒரே வருஷத்துல பெட்டியோட திரும்பி வந்துட்டா. மாப்பிள்ளை வீட்டுல கார் கேட்டாங்க, அதான் காரணம். அவ சொன்னாளான்னா? அவ என்னத்தச் சொல்லுவா, வந்த நாள்ல இருந்து ஒரு மூலையில உட்கார்ந்து அழுதுக்கிட்டே இருந்தா. பெத்தவங்க நாமதானே புரிஞ்சுக்கிடணும். மாப்பிள்ளையோட வாப்பாவுக்குக் கார் மேல ஒரு கண்ணுன்னு நிச்சயத்தன்னைக்கே எனக்குத் தெரியும்.

விஷயம் ஜமாத்துக்குப் போச்சு. எங்கள்ல கல்யாணம், தலாக், பாகம் பிரிக்கிறது எல்லாம் பள்ளிவாசல் ஜமாத்துலதான் பேசுவோம். தலைவர், செயலாளர், தொழ வைக்கிற ஹஜ்ரத், மாப்பிள்ளையோட வாப்பா, அவங்க பக்கம் ஒரு மாமா, அப்புறம் நான். நானும் உள்ளதான் இருந்தேன், பின்ன? நான் இல்லாம எப்படிப் பேச முடியும், நான்லா பெத்தவன்! ஒரு மணி நேரத்துல பேசி முடிச்சுட்டோம். நகை திரும்பி வரும், பாத்திரம் திரும்பி வரும், இனிமே ஒட்டும் இல்ல உறவும் இல்ல. அவங்க கையெழுத்துப் போட்டாங்க, நான் போட்டேன். வெளிய வாரேன். செருப்பெல்லாம் கிடக்குற இடத்துல, வெயில்ல, என் மக நிக்கா. முகமெல்லாம் வேர்த்து ஊத்துது. "என்ன வாப்பா முடிவாச்சு?"ன்னு கேக்கா.

அவ வாழ்க்கை டீச்சர். அதுல என்ன முடிவாச்சுன்னு அவ வாசல்ல நின்னு கேக்கா! எனக்கு நெஞ்சே வெடிச்சிட்டு. உள்ள அவ்வளவு பேரு இருந்தாங்களே, அந்தப் பிள்ளைய ஒருத்தர் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாங்களா? ஒருத்தர் கேக்கலையே! அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இந்த ஜமாத் வேண்டாம். பொம்பளைய வெளிய நிறுத்தாத, ஏழையத் தள்ளி வைக்காத, கேள்வி கேட்டா அதட்டாத ஒரு ஜமாத்தை நானே உண்டாக்குதேன்னு.

லேசா நடந்துச்சுன்னு நினைக்காதீங்க. செயலாளர் ஆள் விட்டுக் கூப்பிட்டாரு. "வதூத் பாய், ஆம்பளையும் பொம்பளையும் ஒரே ஹால்ல, திரை கூட இல்லாம உட்கார்ந்திருக்காங்களாமே?"ன்னாரு. "மக்காவுல ஹஜ்ஜுக்குப் போனீங்களே, அங்க எந்தத் திரைக்குப் பின்னால பொம்பளைங்க சுத்தி வந்தாங்க?"ன்னு கேட்டேன். ஆனா கடைக்கு வார நம்மாளுங்கள்ல பாதிப் பேரு வாரதை நிறுத்திட்டாங்க. கூடப்பொறந்த அண்ணன், மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கல. நான் வாங்கிக் குடுத்த தொட்டில்ல வளந்த பிள்ளை டீச்சர் அது. அந்தக் கல்யாணத்தன்னைக்குப் பூராவும் கடையிலயே உட்கார்ந்திருந்தேன். பிரியாணி வாசம் பஜார் வரைக்கும் வந்துச்சு. தாங்கிக்கிட்டேன். யாருக்காக? இந்த ஹாலுக்கு வந்தாங்களே, அவங்களுக்காக.

யார் யாரு வந்தாங்கன்னு சொல்லுதேன். உதுமான்னு ஒருத்தன், சலூன் வச்சிருக்கான். பரம்பரையா முடி வெட்டுற குடும்பம். எங்கள்ல சாதி கிடையாதுன்னு எல்லாரும் மைக்ல சொல்லுவாங்க. அவன் மகனுக்குப் பொண்ணு கேட்டுப் போனா மட்டும் ஒரு வீட்டுல கதவு திறக்காது. நான் அவனை என் பக்கத்துல உட்கார வச்சேன். அப்புறம் ரம்ஜான் பீவி, பீடி சுத்துற பொம்பள. கேரளாவுக்கு வேலைக்குப் போறேன்னு போன புருஷன் அங்கயே வேற குடும்பம் வச்சுக்கிட்டான். ஜமாத்துல கேக்கப் போனா, பொறுமையா இரும்மான்னு அனுப்பிட்டாங்க. நான் அவளை முன்வரிசையில உட்கார வச்சேன்.

ஷப்னம்னு ஒரு திருநங்கை வந்தா. அவளைப் பள்ளியில ஆம்பளைங்க வரிசையிலயும் விடல, பொம்பளைங்க பக்கமும் விடல. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நடுவுல அவளுக்குன்னு தனியா ஒரு பாய், பத்தமடையில சொல்லி வச்சு வாங்கின பச்சைப் பாய், போட்டுக் குடுத்தேன். "இது ஷப்னம் இடம், வேற யாரும் இதுல உட்காரக் கூடாது"ன்னேன். அழுதுட்டா. சந்தோஷத்துலதான். வேற எதுக்கு அழப் போறா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடுவோம். சேர்ந்து அசர் தொழுவோம். அப்புறம் என் பயான். பயான்னா பேச்சு, மார்க்க விஷயம், நாட்டு நடப்பு எல்லாம் கலந்து. ஒண்ணேகால் மணி நேரம் பேசுவேன். ஊசி விழுந்தா கேக்கும். முதல்ல எப்பவும் ஜெசிமா கதையைத்தான் சொல்லுவேன். கார் கேட்டது, அடிச்சது, வாசல்ல வெயில்ல நின்னது. கேக்குறவங்க கண்ணத் துடைப்பாங்க. மொதல்ல எல்லாம் ஜெசிமாவும் இங்கதான் உட்கார்ந்திருப்பா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு. அப்புறம் அந்தக் கதை முடிஞ்ச பெறகுதான் மேல வருவா. கூச்ச சுபாவம்.

பொம்பளைங்க பேசணும்னு சொன்னதே நான்தான் டீச்சர். கடைசியில கேள்வி நேரம்னு வச்சிருந்தேன். நேரம் இருந்தா கண்டிப்பா நடக்கும். அப்புறம் டீ. சபுரா போடுற டீ. என் வீட்டுக்காரி. நான் பேசி முடிக்கிறதுக்கும் அவ தட்டோட மேல வாரதுக்கும் சரியா இருக்கும். பேச்சு நடக்கும்போது அவ கீழ அடுப்படியிலதான் நிப்பா. அவளுக்கு இந்த மாதிரி விஷயங்கள்ல அவ்வளவு நாட்டம் கிடையாது. அப்படித்தான் நினைச்சிருந்தேன். அதுக்குத்தான் வாரேன்.

என்ன கேட்டீங்க? ஃபேனா? ஓடும் ஓடும், அந்தச் சுவிட்ச். இத முழுசாக் கேளுங்க.

முட்டு ரொம்பப் படுத்துச்சு. பெங்களூர்ல மகன் இருக்கான், அங்க வந்து ஆபரேஷன் பண்ணிக்கிடுங்க வாப்பான்னான். ரெண்டு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கு முட்டைப் பத்திக் கவலை இல்ல, ஹாலைப் பத்தித்தான் கவலை. நான் இல்லாம இவங்க என்ன செய்வாங்க? யோசிச்சு ஒரு ஏற்பாடு பண்ணினேன். அங்க படுக்கையில இருந்தே செல்போன்ல என் பயானை ரெக்கார்ட் பண்ணி, வியாழக்கிழமை தோறும் சபுராவுக்கு அனுப்பிடுவேன். அவ அதை ஸ்பீக்கர்ல போட்டுவிடணும். அவ்வளவுதான் வேலை. வலி உயிர் போகும் டீச்சர். பல்லக் கடிச்சுக்கிட்டுப் பேசுவேன். மருமக வந்து பாத்துட்டு, "மாமா, யார்கிட்டப் பேசுதீங்க?"ன்னு பயந்துட்டா.

சனிக்கிழமை போன் போட்டு, "பயான் கேட்டாங்களா?"ன்னு கேப்பேன். "கேட்டாங்க"ம்பா சபுரா. "எப்படி இருந்துச்சாம்?" "நல்லா இருந்துச்சாம்." "யாராவது அழுதாங்களா?" "ம், அழுதாங்க." அவ என்னைக்கும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டா, அதனால நானும் சந்தேகப்படல.

சொன்ன நாளுக்கு ஒரு வாரம் முன்னாலயே கிளம்பி வந்துட்டேன். சொல்லாம வந்தேன். சந்தோஷப்படுவாங்கன்னுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்டோவுல வந்து இறங்குதேன், கீழ படிக்கட்டு பூரா செருப்பு. படி கொள்ளாமத் தெரு வரைக்கும் கிடக்கு. என் காலத்துல இவ்வளவு செருப்பு நான் பாத்ததே இல்ல. அல்லாஹ்வே, நம்ம ரெக்கார்டுக்கா இவ்வளவு கூட்டம்னு எனக்குக் கண்ணே கலங்கிட்டு.

கம்பை ஊணி ஊணி ஏறுதேன். பாதிப் படியில ஒரு குரல் கேக்கு. என் குரல் இல்ல. ஜெசிமா குரல்.

என் மக அவ்வளவு நேரம் சேர்ந்தாப்புல பேசி நான் கேட்டதே கிடையாது. கம்பு சத்தம் கேக்காம மெதுவா ஏறினேன். என்ன சொல்லுதான்னு காதக் குடுத்தா, கடைசி வார்த்தைதான் கிடைச்சுது. "அன்னைக்கு என்னை யாராவது கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். இப்போ நீங்க கேட்டதால சொல்லிட்டேன்." அவ்வளவுதான். நான் வாசல்ல வந்து நிக்கேன். எல்லாத் தலையும் திரும்புது. அவ நிறுத்திட்டா.

"சொல்லும்மா, ஏன் நிறுத்திட்டே?"ன்னேன்.

"முடிஞ்சிருச்சு வாப்பா"ன்னா.

ஒருத்தர் எந்திரிக்கல டீச்சர். முன்னால எல்லாம் நான் வந்தா மொத்தமா எந்திரிச்சு ஸலாம் சொல்லுவாங்க. உட்கார்ந்த இடத்துல இருந்தே சொன்னாங்க. வரிசையே இல்ல. வட்டமா உட்கார்ந்திருக்காங்க. நான் எங்க உட்காரணும்னே எனக்குத் தெரியல. ரம்ஜான் பீவி தள்ளி உட்கார்ந்து, "இங்கன வாங்க மொதலாளி"ன்னா. அவளுக்கு அந்தப் பக்கம் ஷப்னம். பச்சைப் பாய் எங்கன்னு பாக்கேன், அதுல நாலஞ்சு பிள்ளைங்க படுத்துத் தூங்குது. உதுமான் டீத் தட்டோட உள்ள வாரான். உதுமான் டீ போட்டிருக்கான்! சபுரா ஜன்னலோரமாச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கா, டீயைக் கையில வாங்கிக் குடிக்கா.

என் ரெக்கார்டு என்ன ஆச்சுன்னு வீட்டுல வச்சுக் கேட்டேன். மொத வாரம் போட்டாங்களாம். அரை மணி நேரத்துல கரண்டு போயிருச்சாம். போனதும் ரம்ஜான் பீவி ஏதோ சொல்ல ஆரம்பிச்சிருக்கா, அவ புருஷனைப் பத்தி. அப்புறம் ஒருத்தர் மாத்தி ஒருத்தர். கரண்டு வந்த பெறகும் யாரும் ஸ்பீக்கரைப் போடலையாம். அடுத்த வாரமும் போடலையாம். "அப்போ நல்லா இருந்துச்சுன்னு எதுக்குச் சொன்னே?"ன்னு கேட்டேன். "நல்லாத்தானே இருந்துச்சு"ங்கா!

அந்த வலியில நான் பேசினேன் டீச்சர். யாருமே கேக்காத பேச்சை ரெண்டு மாசமாப் பேசியிருக்கேன்.

சரி, அதைக் கூட விட்டுட்டேன். ஜெசிமா அன்னைக்கு என்ன சொன்னா? அதுதான் எனக்குத் தெரியணும். சபுராகிட்டக் கேட்டேன். "அவகிட்டயே கேளுங்க"ன்னுட்டா. சலூனுக்குப் போய் உதுமானைக் கேட்டேன். கண்ணாடியில என்னைப் பாத்துக்கிட்டே சொல்லுதான்: "அங்க பேசினதை வெளிய பேசுறதில்லைன்னு வச்சிருக்கோம் மொதலாளி. தப்பா எடுத்துக்கிடாதீங்க." வெளியவாம்! என் ஹாலுக்கு நான் வெளியவாம். முடி வெட்டுற அவனுக்குத் தெரியும், பீடி சுத்துறவளுக்குத் தெரியும், ஷப்னத்துக்குத் தெரியும். என் மக ஏன் புருஷன் வீட்டுல இருந்து வந்தாங்கறது பெத்தவன் எனக்குத் தெரியக் கூடாது. காரைத் தவிர என்ன காரணம் இருக்க முடியும்? சொல்லுங்க.

ஜெசிமாகிட்டக் கேட்டேனான்னா? நான் எதுக்குக் கேக்கணும்? வாப்பா நான் இருக்கேன், வீட்டுலயேதான் இருக்கேன். சொல்லணும்னு தோணினா அவதானே வந்து சொல்லணும்?

அடுத்த வெள்ளிக்கிழமை நானே மேல வந்தேன். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, அத்தர் பூசி, பழையபடி அந்தச் சுவரோரமாச் சேர் போட்டு உட்கார்ந்தேன். பிஸ்மி சொல்லிட்டு ஆரம்பிச்சேன். எப்பவும் போல ஜெசிமா கதை. கார் கேட்டதைச் சொல்லிட்டு, வாசலுக்கு வாரேன், வெயிலுக்கு வாரேன். என் மக எந்திரிச்சு நின்னா.

"வாப்பா, அது என் கதை. நீங்க சொல்லாதீங்க."

சத்தமாச் சொல்லல. சத்தமாச் சொல்லியிருந்தாக் கூடக் கோவத்துல சொல்லிட்டான்னு நினைச்சுக்கிடலாம். தண்ணி வேணுமான்னு கேக்குற மாதிரி சொன்னா. இவ்வளவு பேருக்கு முன்னால! அவ கதையைச் சொல்லித்தானே இத்தனை பேரை நான் கூட்டினேன்? அந்தக் கதைக்காகத்தானே அண்ணன் போனான், யாவாரம் போச்சு?

ரம்ஜான் பீவிதான் பேச்சை எடுத்தா. "மொதலாளி, எங்களுக்கெல்லாம் வாசலத் தொறந்து விட்டது நீங்க. அதை நாங்க மறக்கல. இனிமே வாரம் ஒரு ஆளு பேசட்டும். உங்க முறை வரும்போது நீங்களும் பேசுங்க. உங்க கதையைப் பேசுங்க"ன்னா. என் முறை! நான் சிரிச்சுட்டேன். "சரி, மஷூரா பண்ணுவோம், எல்லார்கிட்டயும் கேட்டு முடிவு செய்வோம்"ன்னேன். மார்க்கத்துல உள்ளதுதான், கலந்து பேசி முடிவெடுக்கணும்னு நானே எத்தனை பயான்ல சொல்லியிருக்கேன். ஜெயிச்சிடுவேன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். என் மாடி, என் பாய், என் டீ. "ரம்ஜான் பீவி சொல்றது சரின்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க"ன்னேன்.

தூக்கினாங்க. உதுமான் தூக்கினான். தரையைப் பாத்துக்கிட்டு, ஆனா தூக்கினான். ஷப்னம் தூக்கினா. பேரு கூடத் தெரியாத புதுசா வந்த ரெண்டு பொம்பளைங்க தூக்கினாங்க. ஜெசிமா தூக்கினா. அந்நேரம் பாத்து சபுரா டீ கொண்டு வாரா. என்னன்னு பக்கத்துல கேட்டா. யாரோ காதுல சொன்னாங்க. டீத் தட்டைத் தரையில வச்சா. சிந்தாம, மெதுவா வச்சா. முந்தானையில கையத் துடைச்சா. துடைச்சுட்டுத் தூக்கினா.

முப்பத்தஞ்சு வருஷமா என் கூடக் குடித்தனம் பண்ணினவ. நான் மேகமா இருக்குன்னா மழை வரும்னு துணியெடுக்கப் போறவ. ஒரு நாள் ஒரு விஷயத்துல மாத்திச் சொன்னவ இல்ல. மாத்திச் சொல்லணும்னு இருந்துச்சுன்னா முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா? நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? வீட்டுக்கு வந்து கேட்டேன், "ஏன்டி இப்படிச் செஞ்சே?"ன்னு. "நீங்கதானே சரின்னு நினைக்கிறவங்க தூக்கச் சொன்னீங்க?"ன்னா. எனக்கு விரோதமா ஒரு வார்த்தை சொல்லல. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடிச்ச இடியாப்பமும் தேங்காப்பாலும் வச்சா. எப்படி இறங்கும்?

நான் யாரையும் போன்னு சொல்லல டீச்சர், அதை மட்டும் தெளிவாக் கேட்டுக்கிடுங்க. ஹால் கதவ உள்ள இருந்து பூட்டினேன். என் வீட்டுக் கதவு, நான் பூட்டினேன். வந்தவங்க கதவைத் தள்ளிப் பாத்துட்டு, கீழ வாசல்ல கொஞ்ச நேரம் நின்னாங்க. ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். யாராவது ஒருத்தர் மேல வந்து, "மொதலாளி, தப்பாப் போச்சு, நீங்களே பேசுங்க"ன்னு சொல்லியிருந்தா அப்பவே தொறந்திருப்பேன். சாவி கையிலதான் இருந்துச்சு. ஒருத்தரும் வரல. ஷப்னம் மட்டும் மேல என் ஜன்னலைப் பாத்து ஸலாம் சொன்னா. அப்புறம் எல்லாரும் சேர்ந்து நடந்து போயிட்டாங்க.

இப்போ உதுமான் வீட்டு முத்தத்துல தகரக் கொட்டகை போட்டுக் கூடுதாங்க. மழை பெஞ்சா ஒழுகுமாம். ஒழுகட்டும்னு உட்கார்ந்திருக்காங்களாம். நம்ம வீட்டுப் பொம்பளைங்க ரெண்டும் அங்கதான் போகுதுக. உதுமான் வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்காத ஊரு இது, அங்க பாத்திரக்கடை வதூத் வீட்டம்மா போய் அவன் பொஞ்சாதிக்கு வெங்காயம் உரிச்சுக் குடுக்காளாம். எனக்கு அதுல ஒண்ணும் இல்ல, நான் அந்த வித்தியாசமே பாக்கிறவன் கிடையாது. அவன் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கேன், இந்த ஹால்ல. அவன் வீட்டுக்குப் போனதில்லைங்கறது வேற விஷயம். கூப்பிட்டான், மகன் கல்யாணத்துக்கு. எங்கயோ தூரத்துல இருந்து பொண்ணு எடுத்தான். அன்னைக்குன்னு பாத்து கடைக்குச் சரக்கு வந்துட்டு.

நான் இப்போ பெரிய பள்ளிக்குத்தான் போறேன் ஜும்ஆ தொழ. செயலாளர் வாசல் வரைக்கும் வந்து கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாரு. "பாத்தீங்களா வதூத் பாய், இடம் குடுத்தா இப்படித்தான்"ன்னாரு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கல. பதில் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா முன்வரிசையில எனக்குன்னு இடம் விட்டு வச்சிருந்தாங்க. போனதும் நாலு பேரு எந்திரிச்சு ஸலாம் சொன்னாங்க. அண்ணன் கூட இருந்தான். பேசலைன்னாலும் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தான். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லா டீச்சர்.

இன்னைக்கு வெள்ளிக்கிழமை. கீழ சத்தம் கேக்குதா? தாயும் மகளும் கிளம்புதாங்க. படி ஏறி வாரது ஜெசிமாவாத்தான் இருக்கும்.

வாம்மா. இவங்க டீச்சர், ஹால் பாக்க வந்திருக்காங்க. ட்யூஷனுக்கு. ஆமா, காத்தெல்லாம் பாத்தாச்சு. ம்? எங்க? அங்கயா? நானா? ... இன்னைக்கு யாரு முறை? ... ஓ. நீயா. ... நான் வந்தா என்னைப் பேச விடுவாங்களா? ... ... சரி சரி, நேரமாச்சுன்னா போங்க. உம்மாவைப் பாத்து ரோட்டைத் தாண்டச் சொல்லு.

போயிட்டா.

கேட்டீங்கள்லா டீச்சர், என்ன சொன்னான்னு? உங்களுக்கு முன்னாலதான் சொன்னா. "பேச வேண்டாம் வாப்பா, கேக்க வாங்க." சொந்த மக. நான் பெத்து, நான் வளத்து, அவளுக்காக ஊரையே பகைச்சுக்கிட்டு ஒரு ஜமாத்தை உண்டாக்கினேன். இப்போ நான் உதுமான் வீட்டுத் தகரக் கொட்டகைக்குப் போகணுமாம். பாயில எல்லாரோடயும் உட்கார்ந்து, வாயை மூடிக்கிட்டு, அவ சொல்றதைக் கேக்கணுமாம். இன்னைக்கு அவ முறையாம். வாப்பா இருந்தா நல்லா இருக்கும்னு வேற சொல்லுதா, கண்ணைப் பாத்து.

இந்தா, ஜன்னல் வழியாப் பாருங்க. தெருமுனை திரும்புதாங்க. முன்னால போறது சபுரா. ஜெசிமா நின்னு திரும்பிப் பாக்கா. யாரைப் பாக்கா, இங்கயா? ... சரி, போயிட்டா.

இந்த அநியாயத்தை எங்க போய்ச் சொல்ல? நீங்க படிச்சவங்க, நாலு இடம் போய் வந்தவங்க. என் மேல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க டீச்சர். மனசுல பட்டதைச் சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்... இருங்க, இருங்க. நான் இன்னும் முடிக்கல.